தங்கூசி எங்கே அறவேண்டும்?

தங்கூசி வாங்கப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்னைக் கேட்டால், எங்கே அறும் என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

ஒண்டாரியோ ஏரியில் வசந்தகாலத்தில் கரையோரமாகப் படகு ஓட்டி பழுப்பு டிரவுட் பிடிக்கும் நம் கனடாக்காரர்களுக்கும், கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி விழிஞ்ஞம் போய்த் தூண்டில் போடுகிறவர்களுக்கும் இதில் கணக்கு ஒன்றுதான்.

ஓடும் படகுக்கு நைலான் நரம்பு நல்லது. மீன் வெடுக்கென்று இழுத்தால் நீண்டு கொடுக்கும். பின்னல் நரம்பு அப்படி நீளாது, கொக்கி கழன்றுவிடும். முனையில் ஃப்ளோரோகார்பன் லீடர். தெளிந்த நீரில் அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் லீடர் பலம் குறைந்ததாக இருக்கட்டும். பாறையில் சிக்கினால் ஆறடியோடு போகும். இல்லாவிட்டால் அறுபதடி நரம்பு வருஷக்கணக்கில் மட்காமல் கிடந்து மீனையும் ஆமையையும் சுற்றும்.

பழைய நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள், மக்களே. கரையில் விடாதீர்கள்.