சரிவுச் சாலையில் லாரிகள்: தண்டனை தயார், பயிற்சி எங்கே?

புது தில்லி: மும்பை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், புணே நகரை ஒட்டிய நவலே பாலம் அருகே 2025 நவம்பர் 13-ஆம் தேதி சரிவில் இறங்கிவந்த கன்டெய்னர் லாரி ஒன்று, முன்னால் சென்ற வாகனங்கள் மீது அடுத்தடுத்து மோதியது. இரு கனரக வாகனங்களுக்கு இடையே சிக்கிய கார் நசுங்கித் தீப்பிடித்தது. 8 பேர் உயிரிழந்தனர். லாரியின் பிரேக் செயலிழந்துவிட்டது என்பதுதான் முதலில் வெளிவந்த விளக்கம்.

இதே இடத்தில் 2022 நவம்பர் 20-ஆம் தேதி இரவு நேரிட்ட விபத்துக்கும் இதே விளக்கம்தான் முதலில் தரப்பட்டது. கட்டுப்பாட்டை இழந்த லாரி மோதியதில் 48 வாகனங்கள் வரை சேதமடைந்ததாக அப்போது கணக்கிடப்பட்டது. பலர் காயமடைந்தபோதிலும், அதிருஷ்டவசமாக உயிரிழப்பு இல்லை. ஆனால், விசாரணையில் வேறொரு தகவல் வெளியானது. டீசலை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் ஓட்டுநர் லாரியைச் சரிவில் இறக்கி வந்தார் என்று போலீஸார் தெரிவித்தனர்.

இரு விபத்துகளுக்கும் இடையே மூன்று ஆண்டுகள். இந்த இடைவெளியில் வேக வரம்பு, எச்சரிக்கைப் பலகைகள், கண்காணிப்பு என்று அந்தச் சாலையில் பல நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. சுமை ஏற்றிய லாரியைச் சரிவில் எப்படி இறக்குவது என்று ஓட்டுநருக்குக் கற்றுத்தரும் ஏற்பாடு மட்டும் நாடு முழுவதற்குமாக இன்னும் உருவாகவில்லை.

மகாராஷ்டிரத்துக்கு மட்டும் உரிய பிரச்னை அல்ல இது. தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் 2024 ஜனவரி 24-ஆம் தேதி கட்டுப்பாட்டை இழந்த லாரியால் நேரிட்ட விபத்தில் 4 பேர் உயிரிழந்தது தமிழக வாசகர்களுக்கு நினைவிருக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேரிட்டன; 1,68,491 பேர் உயிரிழந்தனர். 2023-இல் உயிரிழப்பு 1.72 லட்சத்தைத் தாண்டியது. 2022-இல் நேரிட்ட உயிரிழப்புகளில் சுமார் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை. ஆனால், சரிவில் ஒரு லாரி அதிவேகமாகச் சென்றது என்றால், ஓட்டுநர் வேகமாக ஓட்டினாரா, வேகத்தைக் குறைக்க முடியாமல் போனதா என்ற கேள்விக்கு அந்த ஒற்றைச் சொல்லில் விடை இல்லை.

சரிவில் நடப்பது என்ன?: கனரக லாரிகளில் பிரேக்கை இயக்குவது காற்றழுத்தம். எஞ்சினால் சுழலும் கம்ப்ரஸர், காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்புகிறது. ஓட்டுநர் பெடலை மிதிக்கும்போது அந்தக் காற்று சக்கரங்களுக்கு அருகில் உள்ள அறைகளுக்குச் சென்று, ஒரு தண்டைத் தள்ளி, பிரேக் லைனிங்கை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. சக்கரம் நிற்கிறது.

காற்று கசிந்துவிட்டால் லாரி தறிகெட்டு ஓடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், இன்றைய லாரிகளின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அழுத்தம் குறையும்போது முதலில் எச்சரிக்கை ஒலி எழும். மேலும் குறைந்தால், காற்றால் அழுத்திவைக்கப்பட்டிருக்கும் வலுவான ஸ்பிரிங் விடுபட்டு, தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். நடுச்சாலையில் லாரி நகராமல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சரிவில் ஏற்படும் ஆபத்து வேறு. 40 டன் எடையுள்ள ஒரு லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதையும் பிரேக்கே தாங்கினால் அது வெப்பமாக மாறும். சாதாரண வெப்பநிலையில் உள்ள சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அவ்வளவும் சில டிரம்களில் சில நிமிடங்களில் சேர்கிறது. சூடேறிய டிரம் விரிந்து, லைனிங்கைவிட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறைவதில்லை. அந்த நிலையில் ஸ்பிரிங் பிரேக்கும் அதே சூடேறிய டிரம்மைத்தான் பிடிக்க வேண்டும் என்பதால், அதனாலும் பெரிய பயன் இல்லை.

தேய்மானத்தால் லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி ஏற்கெனவே அதிகரித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரேக்கைத் தள்ளும் தண்டு நகரக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை எட்டிய பிறகு, தொட்டியில் எவ்வளவு காற்று இருந்தாலும் பயன் இல்லை. இந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற பாகத்தைக் கவனிப்பது சில நிமிட வேலை. சமதளச் சாலையில் இக்குறை வெளியே தெரியாது. சுமையுடன் மலைச்சரிவில் இறங்கும்போதுதான் தெரியும்.

ஆகவே, "பிரேக் செயலிழந்தது" என்று சொல்லப்படும் விபத்துகளில் பல, திடீரென ஏதோ ஒன்று அறுந்துபோனதால் நேரிடுபவை அல்ல. சரிவின் உச்சியில், சரியான கியரைத் தேர்ந்தெடுக்காத அந்த நொடியிலேயே தொடங்கிவிடுபவை. குறைந்த கியரில், எஞ்சினின் எதிர்ப்பையும் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் பயன்படுத்தி இறங்குவதும், கால் பிரேக்கை இடைவிட்டு மட்டும் பயன்படுத்துவதுமே இதற்கான வழி.

டீசல் கணக்கு: எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும்போது இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. எஞ்சினின் எதிர்ப்பு இல்லை. கம்ப்ரஸர் சுழலாததால், ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் செலவாகும் காற்று மீண்டும் நிரம்புவதில்லை. ஸ்டியரிங்கும் கனத்துவிடுகிறது.

இதில் மிச்சமாகும் டீசலும் சொற்பமே. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வது தானாகவே நின்றுவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில் இறங்கினால்தான் டீசல் செலவாகும். பழைய எஞ்சின்களின் காலத்தில் உருவான பழக்கம், புதிய எஞ்சின்களிலும் தொடர்கிறது.

இதற்கு ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நடைக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கிட்டுக் கொடுத்து, மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு, கூடுதலானால் அவர் தலையில் என்ற வழக்கம் உள்ள இடங்களில், சரிவு என்பது ஓட்டுநருக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை; வருமானமாகவே தெரிகிறது.

உரிமம் எதைச் சோதிக்கிறது?: அமெரிக்காவில் காற்றழுத்த பிரேக் உள்ள வணிக வாகனங்களை ஓட்ட, அந்த அமைப்பு குறித்துத் தனி அறிவுத் தேர்வும், வாகனத்தில் அதைச் சோதித்துக் காட்டும் செய்முறைத் தேர்வும் உண்டு. அவற்றில் தேறாதவரின் உரிமத்திலேயே, இத்தகைய வாகனங்களை ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு பதிவு செய்யப்படும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இதற்கென உரிமத்தில் தனி ஒப்புதல் பெற வேண்டும்.

இந்தியாவில் அத்தகைய தனித் தகுதி இல்லை. இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு நிறைவடைந்தவர், போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். போக்குவரத்து வாகன ஓட்டுநர்கள் 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. படிக்க வாய்ப்பில்லாத ஏழைகளுக்கு வேலைவாய்ப்பைத் திறந்துவிட்ட அந்த முடிவு நியாயமானதே. ஆனால், கல்வித் தகுதிக்குப் பதிலாகப் பயிற்சியிலும் திறன் சோதனையிலும் கண்டிப்பு காட்டப்படும் என்றும், வாகனத்தை ஆய்வு செய்வதும் பயணத்துக்கு முன்னும் பின்னும் பதிவுகள் வைப்பதும் அதில் அடங்கும் என்றும் அப்போது மத்திய அரசு கூறியது. பள்ளித் தகுதி உடனடியாக நீங்கியது; அதற்கு ஈடாகச் சொல்லப்பட்ட பயிற்சி அதே வேகத்தில் வரவில்லை.

அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்காக 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, கனரக வாகனப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம். இம்மையங்களில் தேறியவர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. ஆயினும், ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநரைப் பார்த்தே தொழில் கற்றவர்கள்தான் நாட்டில் இன்றும் பெரும்பான்மை. ஆசானின் அனுபவத்துடன் அவரது தவறுகளும் சீடருக்கு வந்துசேர்கின்றன. நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர்களுக்குப் பற்றாக்குறை நிலவுவதாகவும், ரூ.4,500 கோடியில் 1,600 பயிற்சி நிலையங்கள் அமைக்கப்படும் என்றும் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்துள்ளார். அந்தப் பற்றாக்குறையைக் காரணம் காட்டிப் பாடத்திட்டம் நீர்த்துப்போகாமல் இருப்பது முக்கியம்.

சுமையும் சான்றிதழும்: 2018 ஜூலையில் லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை மத்திய அரசு 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக அதிகரித்தது. அதே ஆண்டு நவம்பரில், 8 ஆண்டுகள் வரையிலான வாகனங்களுக்குத் தகுதிச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. சரக்குக் கட்டணம் குறையவும், லஞ்சம் ஒழியவும் இவை உதவும் என்று வாதிடப்பட்டது. ஆனால், சுமை கூடிய அதே ஆண்டில் சோதனையின் இடைவெளியும் கூடியது.

கண்ணால் பார்த்துத் தரப்படும் சான்றுக்குப் பதிலாக, இயந்திரத்தின் மூலம் பிரேக் திறனை அளக்கும் தானியங்கிச் சோதனை நிலையங்களைக் கட்டாயமாக்க மத்திய அரசு முடிவெடுத்தது. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரலில் அமலுக்கு வரவேண்டிய அந்த விதி, பின்னர் 2024 அக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதிகச் சுமைக்கு ரூ.20,000-மும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகை செய்கிறது. வாகனத்தை ஓட்டுபவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரும், அனுமதிப்பவரும் குற்றவாளிகளே என்கிறது சட்டம். நடைமுறையில் சாலையில் பிடிபடுபவர் ஓட்டுநர் மட்டுமே.

தண்டனையும் தொழில்நுட்பமும்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)-ஆவது பிரிவு, உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுப் போலீஸாருக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் தராமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வகை செய்கிறது. இதை எதிர்த்து 2024 ஜனவரி முதல் வாரத்தில் நடைபெற்ற லாரி ஓட்டுநர்கள் போராட்டம், பல மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்களை வறண்டுபோகச் செய்தது. அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸுடன் ஆலோசித்த பிறகே அப்பிரிவு அமலாகும் என்று மத்திய உள்துறைச் செயலர் உறுதியளித்தார். 2024 ஜூலை 1-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் பிடிக்கும் என்ற ஓட்டுநர்களின் அச்சம் அந்தப் போராட்டத்தில் வெளிப்பட்டது. தண்டனையின் அளவு குறித்து நடந்த விவாதத்தில் ஒரு பகுதிகூட பயிற்சி குறித்து நடைபெறவில்லை.

மறுபுறம், தொழில்நுட்பத்தின் மீது அரசு அதிக நம்பிக்கை வைத்துள்ளது. 2015-இல் கனரக வாகனங்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பு, ஓட்டுநரின் உறக்கத்தை எச்சரிக்கும் கருவி ஆகியவற்றைக் கட்டாயமாக்க 2025-இல் வரைவு அறிவிக்கை வெளியிடப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், ஏபிஎஸ் சக்கரம் இறுகிச் சறுக்குவதைத் தடுக்குமே தவிர, சூடேறிய டிரம்மைக் குளிர்விக்காது. பிடிப்பை இழந்த பிரேக்கை, மனிதரின் காலுக்குப் பதில் கணினி மிதித்தாலும் லாரி நிற்காது.

உறக்கத்தின் வேரும் வேலை நேரத்தில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலையை நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. ஆனால், பொதுவாக ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஓரிரு லாரிகளை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த தொழிலில் பலர் அதன் வரம்புக்கு வெளியே இருந்தனர். அந்தச் சட்டம், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் இணைந்துவிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், ஓட்டுநர்களின் வேலை நேர வரம்பைச் செயல்படுத்த வழிகாண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. 60 ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் இருந்த ஒரு வரம்பைச் செயல்படுத்த நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

செய்யக்கூடியவை: இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. கனரக உரிமத்துக்கான தேர்வில் காற்றழுத்த பிரேக்கைச் சோதித்துக் காட்டுவதைத் தனிப் பகுதியாக்கலாம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி அளிக்கலாம். அபாயகரமான சரக்கு வாகன ஓட்டுநர்களுக்கு மறுபயிற்சி ஏற்கெனவே உள்ளது. படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகவும் செய்முறையாகவும் அவரவர் மொழியில் கற்பிக்கலாம். நீண்ட சரிவுகளின் தொடக்கத்தில் லாரிகள் நின்று, பிரேக்கையும் காற்றழுத்தத்தையும் சரிபார்த்து இறங்க இடம் ஒதுக்கலாம். ஒவ்வொரு விபத்திலும் டிரம்களின் நிலை, இடைவெளி, சுமை, கியர் ஆகியவற்றை மோட்டார் வாகன ஆய்வாளர் பதிவு செய்து, அந்த அறிக்கையை வெளியிடலாம். உரிமையாளரையும் சரக்கு ஏற்றியவரையும் வழக்கில் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தலாம்.

நவலே பாலத்துக்கு மேலே உள்ள சரிவில் ஒவ்வோர் இரவும் லாரிகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை ஓட்டுபவர்களில் எத்தனை பேருக்கு எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று யாரேனும் முறையாகக் கற்றுத்தந்திருக்கிறார்கள் என்பதே மத்திய, மாநில அரசுகள் விடை காண வேண்டிய கேள்வி. அதற்கு விடை காணாதவரை, அடுத்த விபத்துக்கும் "பிரேக் செயலிழந்தது" என்ற அதே விளக்கமே வரும்.