புகை நெருப்பாகுமா?

சென்ற வாரம் ஒரு மாலைவேளை, நாம் விறாந்தையில் அமர்ந்து மாணாக்கரின் விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தோம். படலையைத் திறந்துகொண்டு அயலவர் ஒருவர் வந்தார். தபாற்கந்தோரிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எம்மினும் பதினைந்து வயதளவு மூத்தவர். அண்ணர் என்றே அவரை நாம் அழைப்பது வழக்கம். நாட்டு நடப்பை உரத்த குரலிற் பேசிக்கொண்டே வரும் அவர், அன்று ஒன்றும் பேசாது வந்து கதிரையில் அமர்ந்தார். வழக்கமான சுருட்டு மட்டும் விரலிடையே புகைந்துகொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து மடித்த கடுதாசி ஒன்றை எடுத்து எம்மிடம் நீட்டினார்.

இரத்தப் பரிசோதனையின் பெறுபேறு அது. ஒரு வரியின் கீழே சிவப்பு மையாற் கோடு இழுக்கப்பட்டிருந்தது. சீ.ஆர்.பி. என்னும் மூன்றெழுத்தும், எதிரே இலீற்றருக்கு 4.2 மில்லிகிராம் என்ற கணக்கும் அங்கே காணப்பட்டன.

"தம்பி, அப்பர் 52 வயதில் நெஞ்சுவலியாற் போனார். மூத்த அண்ணரும் அப்படியே போனார். இது எங்கள் இரத்தத்திலேயே ஊறி வருகிறது போலும். மகளுக்கும் இதனைச் சோதிப்பிக்க வேண்டுமோ? சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?" என்றார்.

அவருடைய பேச்சில் இரண்டு கேள்விகள் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. இந்தப் பொருளின் அளவு தாய் தந்தையரிடமிருந்து வருவதா என்பது ஒன்று. இந்தப் பொருள்தான் நெஞ்சு நோயை விளைவிக்கின்றதா என்பது மற்றொன்று. முன்னதற்கு 'ஆம்' என்பது விடையானால் பின்னதற்கும் அதுவே விடையென அவர் கொண்டுவிட்டார். படித்தவரிற் பலரும் இடறும் இடம் இதுவே. ஆதலின் இவ்வாரம் இதனையே வாசகர்முன் வைக்கலாமென எண்ணினோம்.

சீ.ஆர்.பி. என்பதைத் தமிழில் 'சீ-தாக்கப் புரதம்' எனலாம். 1930 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரில்லெற், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நியூமோனியாக் காய்ச்சலை ஆராய்ந்து வந்தனர். அந்நோய்க் கிருமியிலிருந்து பல கூறுகளைப் பிரித்தெடுத்து, அவற்றை நோயாளரின் இரத்த நீரோடு கலந்து பார்த்தனர். 'சீ' எனப் பெயர்பெற்ற கூறு, நோயின் உச்சத்திலிருந்தோரின் இரத்த நீரிற் படிவொன்றைத் தோற்றுவித்தது. நோய் மாறியபின் அப்படிவு தோன்றவில்லை. இது விந்தையன்றோ? கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் நாட்செல்லச் செல்லப் பெருகி, நோய் மாறியபின்னும் இரத்தத்தில் நிற்பவை. இப்பொருளோ நோயோடு வந்து நோயோடு சென்றது. வாதக் காய்ச்சல் முதலிய வேறு நோய்களிலும் அது தோன்றுவது பின்னர் அறியப்பட்டது.

அதே நிலையத்தைச் சேர்ந்த ஒஸ்வால்ட் ஏவரியும் கொலின் மக்லியொட்டும் 1941 இல் அது ஒரு புரதமெனக் காட்டினர். இவ்விருவரும் மக்லின் மக்காட்டியும் சேர்ந்தே, பரம்பரைச் செய்தியைத் தாங்கிச் செல்வது டீ.என்.ஏ. என்னும் பொருளென்பதற்கு 1944 இற் சான்று தந்தனர். 1947 இல் மக்காட்டி சீ-தாக்கப் புரதத்தைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார். இரத்தப் புரதமும் பரம்பரைப் பொருளும் ஒரே கூரையின்கீழ், ஒரே கைகளால் ஆராயப்பட்டன. எமது அயலவரின் வினாவுக்கு விடைகூற, அவ்விரு ஆராய்ச்சிகளும் மீண்டும் ஒன்றுகூட அறுபதாண்டு சென்றது.

இப்புரதம் ஈரலிலே செய்யப்படுவது. ஒரே வகையான ஐந்து துண்டுகள் வளையம்போற் கூடியமைந்தது. உடம்பின் ஓரிடத்திற் கிருமி புகுந்தாலோ, காயம் பட்டாலோ, இழையம் அழிந்தாலோ, அவ்விடம் சிவந்து வீங்கி வெப்பமுறுகின்றது. அதனையே அழற்சி என்கிறோம். அழற்சி கண்ட இடத்திலிருந்து இன்ரலூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் ஈரலுக்குச் செல்ல, ஈரல் இப்புரதத்தை இரத்தத்திற் சொரிகின்றது. சில மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கி, இரண்டு நாளளவில் உச்சத்தை அடையும். கடுநோயில் ஆயிரம் மடங்குவரை ஏறுவதும் உண்டு. இப்புரதம் கிருமிகளின்மேலும் சிதைந்த கலங்களின்மேலும் ஒட்டி, அவற்றை அகற்றுவதற்கு வழிசெய்கின்றது. அழற்சி தணிந்தால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கொருமுறை அதன் அளவு பாதியாகும். காய்ச்சற்காரருக்கு வைத்தியர்கள் இச்சோதனையை எழுதிக் கொடுப்பது இதனாலேயே.

இவ்வளவில் நின்றிருந்தால் அண்ணருக்குக் கவலை வந்திராது. 1997 ஆம் ஆண்டில் போல் றிட்கர் என்பாரும் அவர் குழுவினரும், அமெரிக்க மருத்துவர்களிடையே நெடுநாள் நடந்த ஓர் ஆய்விலிருந்து புதுச் செய்தியொன்றை வெளியிட்டனர். நோயொன்றுமின்றி இருந்த காலத்தில் இப்புரதம் சற்று மிகுந்திருந்தோருக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு மிகுதியாக வந்தது என்பதே அது. 2003 இல் அமெரிக்காவில் அளவுகோலொன்றும் வகுக்கப்பட்டது. இலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஆபத்துக் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3 இற்கு மேல் மிகுதி. 4.2 என்ற கணக்கின் கீழே சிவப்புக் கோடு வந்த கதை இது.

இங்கேதான் தருக்கம் வேண்டும். மலையிற் புகை கண்டவிடத்து நெருப்புண்டென அறிவது முறையான அனுமானமென நம் முன்னோர் கற்பித்தனர். புகைதான் நெருப்பை மூட்டியது என்று எவரும் கற்பிக்கவில்லை. இப்புரதம் நெஞ்சு நோயை மூட்டும் நெருப்போ, வேறொரு நெருப்பின் புகையோ? உடற்பருமன், புகைத்தல், நீரிழிவு, முரசு நோய் ஆகிய யாவும் இப்புரதத்தை உயர்த்துவன. அவற்றுட் பல இருதயத்தையும் கெடுப்பன. நாடிச் சுவரிற் கொழுப்புப் படிந்து அழற்சியுறுவதே இப்புரதத்தை உயர்த்தவும் கூடும். வெளியிலிருந்து எத்தனை ஆயிரம் பேரை எண்ணினாலும் இச்சிக்கல் அவிழாது.

அதனை அவிழ்க்கப் பரம்பரை கைகொடுத்தது. இப்புரதத்துக்குரிய பரம்பரையலகு எமது 1 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. எல்லோரிடத்தும் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு; ஒன்று தந்தை வழி, மற்றது தாய் வழி. அப்பரம்பரையலகிலும் அதன் அயலிலும் பரவலாகக் காணப்படும் சிறு மாறுபாடுகள் புரதத்தின் உருவத்தை மாற்றுவதில்லை. அச்சு ஒன்றே; எத்தனை வார்ப்பது என்ற கட்டளையே வேறு. ஆகவே ஒருவருக்குப் பிறப்பிலிருந்தே அளவு சற்றுக் கூடியும், மற்றவருக்குச் சற்றுக் குறைந்தும் இருக்கும்.

இரண்டு பிரதிகளுள் எது பிள்ளைக்குச் செல்வது? மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்து 1866 இல் எழுதி வெளியிட்ட விதிப்படி, அது திருவுளச்சீட்டுப் போன்றது. இப்பிள்ளை வளர்ந்து புகைக்குமா, பருக்குமா, வறியதாகுமா என்று அச்சீட்டுக் கேட்பதில்லை. ஆதலால் இயற்கையே மாந்தரைப் பாரபட்சமின்றிக் கூறுகளாக்கி வைத்திருக்கின்றது. இப்புரதமே நோயை மூட்டுவதாயின், மிகுதியாக வார்க்கும் சீட்டைப் பெற்றுப் பிறந்தோரிடையே நெஞ்சு நோயும் மிகுதியாகக் காணப்பட வேண்டும்.

2008 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரத்து ஆய்வாளர், 50,000 பேருக்கு மேற்பட்டோரிடம் இதனைத் தேடினர். பரம்பரை மாறுபாடுகளின் சேர்க்கையால் சிலருக்குப் புரதத்தின் அளவு 64 சதவீதம்வரை கூடியிருந்தது. புரதமே குற்றவாளியாயின், அவர்களிடையே இருதய நோய் ஆபத்து 32 சதவீதம்வரை கூடியிருத்தல் வேண்டுமெனக் கணக்கிட்டனர். அவ்வாறு கூடியிருக்கவில்லை. 2011 இல் 15 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 1,94,418 பேரின் விபரங்களைப் பார்த்தனர். அவருள் 46,557 பேர் இருதய நாடி நோயுற்றோர். அங்கும் அதே விடை வந்தது.

எமது குசினிக் காட்சியொன்றால் இதனை விளக்கலாம். காய்ந்த பொச்சு எரியும் வீட்டிற் புகை குறைவு. பச்சை மட்டை எரியும் வீட்டிற் புகை மிகுதி. பச்சை மட்டை வைத்த வீடு அதிகம் புகையும். அதனால் அந்த வீடு தீப்பற்றுவதில்லை. மிகுதியாக வார்க்கும் சீட்டைப் பெற்றவர் பச்சை மட்டைக்காரர் என்க.

அவ்வாறாயின் நெருப்பே இல்லையோ எனின், உண்டு. 2012 இல் வெளிவந்த ஆய்வுகள், இன்ரலூக்கின்-6 இன் தூதை ஏற்கும் வாயிலுக்குரிய பரம்பரையலகை நோக்கின. அத்தூது தளர்வுறும் வகையில் மாறுபாடு பெற்றோரிடம் சீ-தாக்கப் புரதமும் குறைந்திருந்தது. நெஞ்சு நோயும் சிறிதளவு குறைந்திருந்தது. 2017 இல், முன்னரே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் அழற்சித் தூதொன்றைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தனர். கொலஸ்ரரோல் குறையாதிருக்கவும், அம்மருந்தின் நடுத்தர அளவைப் பெற்றோரிடம் மாரடைப்பு முதலியன 15 சதவீதம் குறைந்தன. ஆயின் உயிர்கொல்லும் தொற்று நோய்கள் சற்றுக் கூடின. எரியவேண்டிய அடுப்பையும் அவித்துவிடுதல் நன்றன்று என்பது இதனாற் பெறப்படும். நாடியில் எரிவது அழற்சி. இரத்தத்திற் கணக்கிடப்படுவது அதன் புகை.

அளவு குறைந்தவரும் இறுமாந்திருத்தல் ஆகாது. அப்போ-ஈ என்னும் பரம்பரையலகின் ஒருவகையைப் பெற்றோருக்குச் சீ-தாக்கப் புரதம் குறைந்திருக்கும், கொலஸ்ரரோலோ கூடியிருக்கும். புகை குறைந்த வீட்டிலும் தீப் பற்றுவது உண்டு.

இவற்றையெல்லாம் அண்ணருக்கு எடுத்துச் சொன்னோம். "இதன் அளவில் ஒரு பங்கு பரம்பரையால் வருவது மெய். அந்தப் பங்குக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதற்காக மகளைச் சோதிப்பிக்கவும் வேண்டாம். ஆனால் அப்பரும் மூத்தவரும் இளவயதிற் போனதைத் தள்ளிவிடவும் கூடாது. கொலஸ்ரரோலை மிகுவித்து நெஞ்சு நோயைத் தரும் பரம்பரையலகுகள் வேறாக உள்ளன. கொலஸ்ரரோல், இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை வைத்தியரிடம் பார்ப்பியுங்கள். மகளும் பார்ப்பிக்கத்தக்கவை அவையே" என்றோம்.

பின்னர், "சோதிப்பித்த நாளில் உடம்பு எவ்வாறிருந்தது?" என வினவினோம். முரசு வீங்கி மூன்று நாளாகச் சோறு உண்ணவில்லை என்றார். ஒரு நாளைக் கணக்கை வைத்து இருதயத்தை மதிப்பிடலாகாது. இரண்டு கிழமை இடைவிட்டு மீண்டும் அளக்க வேண்டுமென்பது அந்த 2003 ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே உள்ளது என்றோம். அவர் முகத்தில் அப்போதுதான் சிறிது தெளிவு வந்தது.

எமது நாட்டிற் குடும்பத்துக்கு ஒரு கடுதாசியாவது இவ்வாறு வந்து சேர்கின்றது. கணக்கைக் கண்டதும் 'எல்லாம் தலையெழுத்து' என்று அமர்வோர் உளர். 'இரத்தங் கூடாத குடும்பம்' என்று ஒரு பெண்ணின் வாழ்வைத் தட்டிக் கழிப்போரும் உளர். பரம்பரையை ஆராய்ந்த அறிவே இப்புரதத்தின் மேலிருந்த பழியை நீக்கிற்று என்பதை அவர்கள் அறிதல் நன்று.

அண்ணர் கடுதாசியை மடித்துப் பையில் வைத்தார். மறுநாளே பல்வைத்தியரிடம் போவதாகச் சொன்னார். சுருட்டைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. நாமும் அன்று கேட்கவில்லை. ஆயினும் படலையைத் தாண்டுமுன் அதனை நிலத்திலிட்டு மிதித்துவிட்டுச் சென்றதைக் கண்டோம். அஃது ஒரு மாலைக்கு மட்டுமானதோ, என்றைக்குமானதோ என்பதை எந்தப் பரம்பரையலகும் சொல்லாது. அண்ணரே சொல்ல வேண்டும்.