நோய் முற்றும் வரை காத்திருக்கலாமா?

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய காலமுதல் ஒரகடம், சுங்குவார்சத்திரம் வரை விரிந்துவிட்ட இத்தொழிற்பிரதேசத்தில், வாகனம் எத்தனை, ஏற்றுமதி எத்தனை என்று கணக்குரைப்போர் பலர் இருந்தும், லைனில் நிற்கிறவரின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று வினவும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்ததில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் மாநில அரசின் திட்டம் 2024இல் தொழிற்சாலை வாயிலுக்குள்ளும் நுழைந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன மறுநாள் காலை அத்தொழிலாளி எங்கே, எவ்வாறு நிற்கிறார் என்பதே நமது கேள்வி.

இந்நோய் சிலரின் துர்ப்பாக்கியம் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் நீரிழிவு உடையோர் என்கிறது. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறிமாறி வருகையில் பசிக்கும் உறக்கத்துக்கும் உள்ள ஒழுங்கு குலைகிறது. உணவுக்கு முன் மாத்திரையை விழுங்கியவருக்குக் கேன்டீன் முறை தாமதமானால் வியர்வையும் நடுக்கமும் வருகின்றன. குளிர்ச்சியில் வைத்துக் காக்கவேண்டிய இன்சுலினுக்கு, பலர் கூடி வாடகைக்கு இருக்கும் அறையில் குளிர்பெட்டி ஏது? மாற்றாளான ரிலீவர் வந்தாலன்றி லைனைவிட்டு நகர இயலாதாகையால், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேருமென்று அஞ்சித் தாகத்தை அடக்குகிறவர்களும் உண்டு. 'சுகர்' என்று தெரிந்தால் கான்ட்ராக்ட் நீடிக்காதே என்ற பயத்தால், பையிலுள்ள ஊசியைச் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் மறைக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் தேகமே இவர்களுக்குச் சத்துருவாகிவிடுகிறது. நோயாளிபோல் தோன்றாதவர் சலுகை கேட்டால் சோம்பல் என்று பெயர்.

சட்டத்தின் பார்வையும் ஏறக்குறைய இதுவே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம், நெடுநோய் கண்டவருக்கு ஊதியத்தில் எண்பது சதவிகிதத்தை இரண்டாண்டு வரை அளிக்கும் உன்னதமான ஏற்பாட்டை உடையது. ஆனால் அதற்குரிய பட்டியலில் நீரிழிவு இடம்பெறுவது விழித்திரையோ பாதமோ சிறுநீரகமோ கெட்டபிறகுதான். உறுப்பு பழுதானபின் பணம் தருவதிலும், பழுதாகாமல் காக்க அரைமணி நேரம் தருவது நிர்வாகத்துக்கும் இலாபமல்லவா?

லைன் நின்றால் நஷ்டம் என்று நிர்வாகங்கள் சொல்வதைப் பொய்யென்று தள்ளமாட்டோம். இயந்திரத்தின் பராமரிப்புக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்கி உற்பத்தியைத் திட்டமிடுகிறவர்களுக்கு, மனிதருக்காக ஒரு ரிலீவரைக் கூடுதலாக வைப்பது அசாத்தியமன்று என்பதே நமது வாதம். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று பெற்றவருக்கு நிலையான ஷிப்டு, குறித்த வேளையில் உணவு, கேட்டபோது கழிப்பறை, முதலுதவி அறையில் மருந்துக்கென ஒரு குளிர்பெட்டி ஆகியவை கான்ட்ராக்ட் தொழிலாளருக்கும் உரிமையாக வேண்டும்; நோயைச் சொன்ன காரணத்தால் வேலைநீக்கம் செய்வது தண்டனைக்குரியதாக வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றிச் சில நாட்களிலேயே எதிர்ப்புக்கு இணங்கித் திரும்பப் பெற்ற மாநிலம் இது. அதே வேகத்தில் இவற்றை விதிகளாக்க, பரிசோதனை முகாம்களை நடத்தும் சுகாதாரத் துறையும் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் துறையும் அடுத்த முகாமுக்கு முன்னரே கலந்துபேச வேண்டும்.