முதல் பெண் என்னும் பட்டம்

லூச்சியா ரொங்கெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘வெனிஸ் பியனாலே இசை விழாவை இயக்கிய முதல் பெண்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். விழா தொடங்கியது 1930இல். அவர் பொறுப்பேற்றது 2021இல். 91 ஆண்டுகளாக ஒரு பெண்கூடக் கண்ணில் படவில்லையென்றால் வெட்கப்பட வேண்டியது விழா. பட்டத்தை மட்டும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அவருடைய இசையைப் பேசுவோமே. மனிதக் குரல்தான் அவர் களம். ‘அனத்ரா அல் சால்’ என்ற படைப்பில் வாத்துக்கறியை எப்படிச் சமைப்பது என்று ஆறு குரல்கள் மோதிக்கொள்கின்றன. (சமையல் என்றதும் ‘பெண்மை’ என்று கிளம்பிவிடாதீர்கள், அவர்கள் தலைமைச் சமையல்காரர்கள்.) தாந்தேயின் நரகத்தையும் ஓப்பெரா ஆக்கினார். 2021இல் அது மேடையேறியது ஃப்ராங்ஃபர்ட்டில். அதற்கு முன்பே டிரெஸ்டன், மான்ஹைம், பெர்லின். ஓப்பெரா பிறந்த நாட்டின் மகளுக்குக் கதவுகள் திறந்தது ஆல்ப்ஸுக்கு அப்பால்!

அவருடைய முதல் விழாவில் தங்கச் சிங்கம் விருது ஃபின்லாந்தின் காயா சாரியாஹோவுக்குப் போனது. பெண்ணுக்குப் பெண் கொடுத்த சலுகை என்று முணுமுணுப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கு 1903இல் எத்தல் ஸ்மித்தின் ஓப்பெராவை நடத்தியது. அடுத்த பெண்ணாகச் சாரியாஹோ அங்கே நுழைந்தது 2016இல். நடுவில் 113 ஆண்டுகள் ஆண்களுக்கே கிடைத்த மேடையை எந்தச் சலுகைக் கணக்கில் எழுதுவீர்கள்?