சட்டம் வந்தால் தொழில் போய்விடுமா?

டேட்டா சென்டர் எனப்படும் தகவல் மையங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று வாயெடுத்தால் போதும், உடனே பதில் வந்துவிடுகிறது: "சட்டம் கிட்டம்னு பேசுனா வர்றவனும் ஆந்திராவுக்குப் போயிருவான்." தொலைக்காட்சி விவாதத்திலும் இதே பேச்சு, காங்கேயத்து டீக்கடையிலும் இதே பேச்சு. 2025 அக்டோபரில் கூகுள் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீட்டை அறிவித்த பிறகு அதற்கு வலு கூடியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது. இதற்கு நாம் ஏற்கெனவே ஒரு முறை பெரிய விலை கொடுத்திருக்கிறோம்.

முதலில், தகவல் மையம் என்பது புகையும் சாயமும் இல்லாத சுத்தமான தொழில் என்ற எண்ணத்தைப் பார்ப்போம். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அந்த வெப்பத்தைக் குளிர்கோபுரத்தில் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றினால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் போகும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல். ஒரு மெகாவாட் மையம் நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட்; தண்ணீர் 36,000 லிட்டர். நூறு மெகாவாட் என்றால் தினமும் 36 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகளாகக் கணக்கிட்டால் 300 லாரி. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இது 65,000 பேருக்கான தண்ணீர். கோபுரத்தில் செறிந்து நிற்கும் உப்புத் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டியிருப்பது தனி.

தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிர்விக்கலாமே என்பார்கள். குளிர்விக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் அதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். நம் பக்கத்துக் காற்றாலைகள் ஆனி, ஆடியில் நன்றாகச் சுற்றும். காற்று ஓய்ந்த மாதங்களில், இரவு நேரத்தில் ஓடும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவது. அந்த மின்சாரம் வந்து சேர உயர்மின் கோபுரம் வேண்டும். கோபுரம் யார் காட்டில் நடப்படும் என்பதைக் கொங்கு விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புகளூருக்கு வந்த மின்பாதைக்காக நிலத்தை இழந்தவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியவர்கள்.

காங்கேயம் மழை மறைவுப் பூமி. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லை நம்பிக் கொறங்காட்டில் மாடு வளர்த்த ஊர். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) வெள்ளகோவில் கிளைக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்த ஊர். இங்கே நெல் அவிக்கும் ஆலை நடத்துகிறவரிடம், ஊறல் தண்ணீர் எங்கே போகிறது, உமிச் சாம்பலை எங்கே கொட்டுகிறாய் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கிறது. கேட்பது சரி. அதே கேள்வியைப் பெரிய முதலீட்டாளரிடம் கேட்டால் மட்டும் அது எப்படித் தொழில் விரோதம் ஆகும்?

சட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தகவல் மையம் என்று தனி வகையே கிடையாது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் அது கட்டுமானத் திட்டம் என்ற வகையில் வரும்; அடுக்குமாடிக் குடியிருப்பும் அதே வகைதான். அந்த வகைக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. எத்தனை மெகாவாட், எத்தனை லிட்டர் என்று பக்கத்துக் காட்டுக்காரர் எழுந்து கேட்க ஓர் இடமே இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு தகவல் மையக் கொள்கை கொண்டுவந்து சலுகைகளை அறிவித்தது. சலுகையைக் கொடுத்துவிட்டோம், நிபந்தனையைத்தான் தள்ளிப்போடுகிறோம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த அணை அது. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதில், எந்த விவசாயிக்காகக் கட்டினார்களோ அவரே இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. கிணறு கெட்டது, தென்னை கெட்டது. அப்போதும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள்: கட்டுப்பாடு வந்தால் பனியன் தொழில் அழியும், ஆர்டர் எல்லாம் வங்கதேசத்துக்குப் போகும். நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் நீதிமன்றப் படியேறியது. கெடு மேல் கெடு கொடுத்தும் பயனில்லாமல், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே வீச்சில் நின்றன.

அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிறு முதலாளிகள் கடனில் மூழ்கினார்கள், தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், சில ஆலைகள் வேறு ஊர்களுக்குப் போய் அங்கே கழிவை விட்டன. ஆனால் அந்த வலிக்குக் காரணம் கட்டுப்பாடா? இருபது ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டிய கட்டுப்பாடு, எல்லாம் கெட்ட பிறகு தீர்ப்பாக வந்து விழுந்தது. அதுதான் காரணம். பிறகு என்ன நடந்தது? அரசு வட்டியில்லாக் கடன் தந்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறின, ஆலைகள் மீண்டும் ஓடின. அன்றைக்கு 12,000 கோடி ரூபாய் அளவில் இருந்த திருப்பூர் ஏற்றுமதி இன்றைக்கு 40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஊர் என்பதையே இன்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள்.

உலகமும் இதையே காட்டுகிறது. இடமும் மின்சாரமும் போதவில்லை என்று சிங்கப்பூர் 2019இல் புதிய தகவல் மையங்களை நிறுத்திவைத்தது. 2022இல் கடுமையான நிபந்தனைகளோடு கதவைத் திறந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, தேர்வானவை நான்கு. நிபந்தனையைக் கண்டு நிறுவனங்கள் பயந்து ஓடிவிடவில்லை. அயர்லாந்து முன்யோசனை இல்லாமல் அனுமதித்தது. 2023இல் அந்த நாட்டில் அளவிடப்பட்ட மின் நுகர்வில் 21 சதவீதத்தைத் தகவல் மையங்களே எடுத்துக்கொண்டன. டப்ளின் பகுதியில் புதிய இணைப்புகளை நிறுத்திவைக்கும் நிலை வந்தது.

தகவல் மையமே வேண்டாம் என்பது என் வாதமல்ல. கைப்பேசியில் பணம் அனுப்பும் நாம் அப்படிச் சொல்ல முடியாது. நான் கேட்பவை இவை. மதிப்பீட்டு அறிவிக்கையில் தகவல் மையத்துக்குத் தனி வகை வேண்டும். கட்டிடப் பரப்பை வைத்து அளக்காமல் மெகாவாட்டையும் லிட்டரையும் வைத்து அளக்க வேண்டும். மக்கள் கருத்துக் கேட்பு நடக்க வேண்டும். ஆண்டுதோறும் மின்சார, தண்ணீர்க் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மையங்களிடம் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. நிலத்தடி நீரையும் பாசன நீரையும் தொடக் கூடாது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். கோவைக்கும் திருப்பூருக்கும் அது முடியாத காரியமல்ல.

இந்த நிபந்தனைகளை ஏற்காத நிறுவனம் ஆந்திராவுக்குப் போகட்டும். முதல் செங்கல் வைப்பதற்கு முன்பு எழுதும் விதியால் முதலாளிக்கும் நட்டமில்லை, விவசாயிக்கும் நட்டமில்லை. நொய்யலில் நாம் அதைச் செய்யத் தவறினோம். இம்முறை கொங்கு மண்டலத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழில் அமைப்புகளும் முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்காதவர்களை நாம் கேட்க வேண்டும்.