கூடு பிழைத்தது, கூலியாள்?

செத்த வண்டி பிழைக்குமா? பிழைத்தது, இங்கிலாந்திலே! 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையிலே ஐந்து இலட்சத்துக்கும் மேல் பூட்டப்பட்ட எம்.ஜி.பி. மோட்டார். நட்டம், நட்டம் என்று நிர்வாகம் ஆலைக் கதவைச் சாத்திற்று.

அந்த வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்கூடே முதுகெலும்பு. கூட்டிலே துரு ஏறினால், எஞ்சின் எத்தனை நல்லதானாலும் வண்டி மண்தான். தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் பழைய அச்சுகளோ அழியாதிருந்தன. 1988-இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் அவற்றைக் கொண்டே புத்தம்புதுக் கூடுகளைச் செய்து விற்றது. வண்டிக்காரர்கள் வாங்கினர்; பழைய எஞ்சினைப் புதுக்கூட்டிலே பூட்டினர். பாராட்டுகிறோம்! துருவுக்கு மேல் வண்ணம் பூசி ஊரை ஏய்ப்பதைவிட இது நேர்மை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். எட்டாண்டு கழித்து வெறுங்கூட்டுக்கே கிராக்கி என்றால், முழு வண்டி செய்த தொழிலாளரை 1980-இலே தெருவில் நிறுத்தினீர்களே, ஏன்?