ஏலே, எந்தத் தெரு?

வீரகேரளம்புதூரில் பத்தாம் வகுப்பு படித்தபோது, பக்கத்தில் ஒரு நூலகத்தில் உறுப்பினராகப் போனேன். ஜாமீன் கையெழுத்து கேட்டார்கள். படிவத்தைப் பெரியவர் ஒருவரிடம் நீட்டினேன். "ஏலே, எந்தத் தெரு?" சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

போன மாதம் சென்னையில், 1812இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியில் சந்தா கட்டிச் சேர்ந்தேன். யாரும் தெருவைக் கேட்கவில்லை. (வெள்ளையனுக்குக் காவடி எடுக்கவில்லை தோழர்களே, கையில் காசு இருந்தது.)

காசில்லாதவருக்கும் புத்தகம் கிடைக்கத்தானே 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது? வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியை அம்மா இன்றும் கட்டுகிறார். அதை வசூலிக்க எங்கள் தெருவுக்குள் வருகிறவர்கள், புத்தகம் தர மட்டும் அடுத்த தெருக்காரரின் ஜாமீன் கேட்பது என்ன நியாயம்? அந்த ரசீதையே ஜாமீனாக ஏற்கட்டும். வாடகைக்கு இருப்பவருக்கு ஆதார் போதும்.